சத்தம் வருகிறது, ஆக்சிஜன் வருகிறதா?

2021 ஏப்ரல், மே மாதங்களைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. சிலிண்டர் நிரப்பும் கூடங்களுக்கு வெளியே நோயாளிகளின் பிள்ளைகள் இரவெல்லாம் காத்துக்கிடந்தார்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்ற பெயரே பல குடும்பங்களுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. கையில் பணம் இருந்தவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் நகையை அடகு வைத்துக் கொடுத்தார்கள். டெல்லியில் உணவகங்கள் உள்ளிட்ட இடங்களில் பதுக்கி வைத்திருந்ததாக 500க்கும் மேற்பட்ட கான்சென்ட்ரேட்டர்களைக் காவல்துறை கைப்பற்றியது. விநியோகஸ்தர் மட்டத்தில் லாபம் 198 விழுக்காடு வரை போயிருப்பதை மத்திய அரசே சொல்லி, அந்த ஆண்டு ஜூன் மாதம் அதற்கு 70 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது.

கொரோனா தொற்று அடங்கியது. கான்சென்ட்ரேட்டர் மெஷின் வீடுகளிலேயே தங்கிவிட்டது. இன்று மருத்துவ உபகரணக் கடைகளில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. இணையத்தில் பணம் கட்டினால் சில நாட்களில் வாசலுக்கு வந்துவிடுகிறது. பழைய பொருள் விற்கும் செயலிகளில், ‘கொஞ்சம்தான் ஓட்டினோம்’ என்ற குறிப்போடு கைமாறுகிறது. பீடி பிடித்தே நுரையீரல் கெட்ட தாத்தாவுக்கு, காசநோய் குணமாகியும் மூச்சு திரும்பாத அம்மாவுக்கு, கல்குவாரித் தூசியில் வாழ்நாளைக் கழித்த தொழிலாளிக்கு இந்த மெஷின்தான் இப்போது துணை. அவர்களுக்கு அது தேவை; கிடைக்கவும் வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நம்மைக் கலங்க வைப்பது வேறு விஷயம். கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து நோயாளியின் மூக்குக்குப் போய்ச்சேருவது எத்தனை விழுக்காடு ஆக்சிஜன்? அளந்து சொல்லக் கடமைப்பட்டவர் யார்? விற்ற கடைக்காரரா, எழுதிக் கொடுத்த மருத்துவரா, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையா, ஊர் சுகாதார நிலையமா? தேடிப் பார்த்தால் ஒருவரும் அகப்படுவதில்லை. மருத்துவமனை வார்டில் ஆக்சிஜன் ஒரு மருந்து. அதற்கு அளவு எழுதுவார்கள், நர்ஸ் பார்ப்பார், குறிப்பேட்டில் ஏறும். உலக சுகாதார நிறுவனமும் 2017இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கான மருந்தாகவே அதைச் சேர்த்தது. அதே மருந்து வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனதும் மிக்ஸி, கிரைண்டர் போல ஒரு சாமானாகிவிடுகிறது.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் புரியும். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். கான்சென்ட்ரேட்டர் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றை உள்ளே இழுத்து நைட்ரஜனைப் பிரித்தெடுக்கிறது. உள்ளே சியோலைட் என்ற மணிகள் நிரம்பிய இரண்டு குழல்கள் இருக்கும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி ஒரு குழலுக்குள் செலுத்தும்போது நைட்ரஜன் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். சில நொடிகளில் அந்தக் குழல் நிறைந்துவிடும். உடனே காற்று அடுத்த குழலுக்கு மாறும். முதல் குழல் அழுத்தம் தணிந்து, பிடித்துவைத்த நைட்ரஜனைப் ‘புஸ்’ஸென்று வெளியே விடும். வீட்டில் கேட்கும் அந்தப் பெருமூச்சுச் சத்தம் இதுதான். நல்ல மெஷினிலிருந்து 90 முதல் 96 விழுக்காடு வரை ஆக்சிஜன் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று குறித்த அளவு முழுவதிலும் 82 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

சியோலைட்டுக்கு எதிரி ஈரம். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டால் நைட்ரஜனைப் பிடிக்கும் திறன் குறைந்துவிடும். தூசியும் புகையும் ஃபில்டரை அடைத்தால் கம்ப்ரஸர் திணறும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் மாநிலம் நம்முடையது. 2021இல் மூன்று வாரம் ஓட்டிவிட்டுப் பரணில் ஏற்றிய மெஷினை நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு முதியவருக்காக இறக்குகிறார்கள். சுவிட்சைப் போட்டால் ஓடுகிறது. சத்தம் வருகிறது. வாயுவை ஈரப்படுத்தும் பாட்டிலில் தண்ணீர் குமிழியிடுகிறது. குடும்பத்தார் நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். அந்தக் குமிழிகளைப் பார்த்தால் குழாயில் ஏதோ ஒரு வாயு போகிறது என்பது மட்டும்தான் தெரியும். அது 93 விழுக்காடு ஆக்சிஜனா, 40 விழுக்காடா, வெறும் அறைக் காற்றா என்பதைப் பாட்டில் சொல்லாது. தரமான மெஷின்களில் தூய்மை குறைந்தால் மஞ்சளோ சிவப்போ விளக்கு எரிந்து எச்சரிக்கும். மலிவான பலவற்றில் அந்த சென்சாரே கிடையாது.

மலிவான மெஷின்களில் நடக்கும் இன்னொரு வேலையைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முடியவில்லை. ‘1 முதல் 7 லிட்டர்’ என்று பெரிய எழுத்தில் போட்டுக் கைக்கடக்கமான பெட்டிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. விவரக் குறிப்பின் அடியில் பொடி எழுத்தைப் படித்தால், 1 லிட்டரில் 90 விழுக்காட்டுக்கு மேல், 7 லிட்டரில் 30 விழுக்காடு என்று இருக்கும். லிட்டரைக் கூட்டக் கூட்டத் தூய்மை விழுந்துகொண்டே போகும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சியோலைட் அவ்வளவு சிறிது. நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது, மகன் பதறிப்போய் திருகைக் கூட்டுகிறார். கூட்டிய ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பாவுக்குச் சாதாரணக் காற்றுதான் அதிகமாகப் போகிறது. மருந்துக் குப்பியில் மாத்திரையின் வீரியத்தை இப்படி எழுதி விற்க முடியுமா? ஒரே நாளில் கடைக்குப் பூட்டு விழும். மூச்சு விஷயத்தில் மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

பையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும் பேட்டரி மெஷினிலும் ஒரு மயக்கம் உண்டு. அவற்றில் பல, மூச்சை உள்ளே இழுக்கும் கணத்தில் மட்டும் ஒரு சிறு வீச்சு ஆக்சிஜனைத் தருபவை. அவற்றில் உள்ள ‘2’ என்ற எண் நிமிடத்துக்கு 2 லிட்டரைக் குறிப்பதில்லை. அது அந்த நிறுவனம் வைத்துக்கொண்ட ஓர் அளவு எண். தூக்கத்தில் வாய் வழியாக மூச்சு விடுபவர்களின் மூச்சை அந்த மெஷின் உணராமலே போகலாம். வெளியே போய்வர நல்ல கருவிதான். அதை மட்டுமே நம்பி இரவைக் கழிக்கலாமா என்பதை மருத்துவர் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, மெஷின் நல்லதாகவே இருக்கட்டும். யாருக்கு வேண்டும், எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டது. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்தவர்களிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 1980இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரவில் மட்டும் ஆக்சிஜன் எடுத்தவர்களின் இறப்பு, நாள் முழுதும் எடுத்தவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. 1981இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 19. எடுக்காத 45 பேரில் 30. நோய் கடுமையாகி, ஓய்வில் இருக்கும்போதே ரத்த ஆக்சிஜன் 88 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே நிலையாக நிற்பவர்களுக்கு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுகிறது. அதுவும் நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்தால்தான்.

நம் வீடுகளில் நடப்பது வேறு. ‘மூச்சு வாங்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வைத்தால் பழகிவிடும்’ என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். ஆக்சிஜன் பழக்கமாகிற வஸ்து இல்லை. உண்மையில் தேவைப்படும் ஒருவர் அதைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று எடுத்தால் அந்த ஆய்வுகள் காட்டிய பலனில் எதுவும் அவருக்குக் கிடைக்காது. மறுபக்கம், ஆக்சிஜன் தேவையே இல்லாதவர்களின் மூக்கிலும் குழாய் ஏறியிருக்கிறது. மூச்சு வாங்குவது வேறு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது வேறு. ரத்தசோகையிலும், இதயத்தின் பலவீனத்திலும், பயத்திலும் கூட மூச்சு வாங்கும். 2016இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 738 நோயாளிகளைக் கவனித்தது. ஆக்சிஜன் மிதமாகக் குறைந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜன் கொடுத்தும் ஆயுள் கூடவில்லை, மருத்துவமனைச் சேர்க்கையும் குறையவில்லை. நிமோனியாவிலிருந்து தேறி வீடு திரும்பும்போது எழுதிக் கொடுத்த ஆக்சிஜன், இரண்டு மூன்று மாதத்தில் தேவைப்படாமல் போய்விடலாம். திரும்ப அழைத்துச் சோதித்து, ‘இனி வேண்டாம், மெஷினைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று சொல்ல ஏற்பாடு இல்லாததால் வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.

ஆக்சிஜன் கூடினாலும் கெடுதல்தான் என்பதை நம் மக்களில் அனேகருக்கு யாரும் சொல்லவில்லை. முற்றிய சி.ஓ.பி.டி. நோயாளிகள் சிலருக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறும். முதலில் காலையில் தலைவலி, பிறகு மந்தம், பிறகு எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் ‘நிம்மதியாகத் தூங்குகிறார்’ என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 விழுக்காடு என்ற எல்லைக்குள் நிற்கும்படி அளந்து ஆக்சிஜன் கொடுத்தபோது, தாராளமாகத் திறந்துவிட்டதோடு ஒப்பிட இறப்பு பாதிக்கும் கீழே போனது. அதே ஆக்சிஜன்தான், அளந்து கொடுத்தது மட்டுமே வித்தியாசம். ‘99 காட்டினால்தான் நல்லது’ என்று திருகைக் கூட்டும் அன்பான கைகளுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அந்த 99ஐக் காட்டும் விரல்நுனி ஆக்சிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தோல் வழியாக ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி அது. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு என்று கண்டது. கருத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டிவிடுகிறது. கருத்த தோலுள்ள மக்கள் நிறைந்த நம் மாநிலத்தில் இது மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி. வீட்டு ஆக்சிஜன் வேண்டுமா என்று முடிவெடுக்குமுன் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று நுரையீரல் மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மின்சாரம். இந்த எச்சரிக்கையில் எமக்கு மிகவும் அவசரமாகப் படுவது இதுதான். சிலிண்டரில் வாயு இருக்கும்; கான்சென்ட்ரேட்டரில் எதுவும் சேர்ந்திருக்காது. கரன்ட் போன நொடியில் ஆக்சிஜனும் நின்றுவிடும். 5 லிட்டர் மெஷின் ஒன்று சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் வைத்திருக்கும் ஒற்றை பேட்டரி இன்வெர்ட்டர், பேட்டரி புதிதாக இருந்தால்கூட, இதை 3 மணி நேரம் தாங்கினால் அதிகம். பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தை நிறுத்தும் நாளில் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். ‘நாளை மின்தடை’ என்று செய்தித்தாளில் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. அந்த ஊரில் எந்த வீட்டில் ஒருவர் மின்சாரத்தால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அந்த அறிவிப்பை வெளியிடுபவர்களுக்குத் தெரியாது.

இது முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் மின்தடை. சொல்லாமல் வருவதும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரங்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தலைநகரிலேயே வெள்ளம் சூழ்ந்த பகுதிகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. கஜா காலத்தில் வீட்டில் கான்சென்ட்ரேட்டர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். இன்றைக்கு அப்படி ஒரு புயல் அடித்தால் நிலைமை வேறு. கையிருப்பாக ஒரு ‘பி’ டைப் சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்குச் சற்று அவகாசம் உண்டு. அதில் சுமார் 1500 லிட்டர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் தாண்டும். எத்தனை வீட்டில் அது இருக்கிறது? இருக்கும் வீட்டிலும் நிரம்பியிருக்கிறதா, ரெகுலேட்டரைத் திருகத் தெரிந்த ஆள் பகலில் வீட்டில் இருக்கிறாரா?

ஆஸ்திரேலியாவில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் உயிர்காக்கும் சாதனம் என்று மின் விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீட்டை மின் நிறுவனம் தனிப் பதிவேட்டில் வைக்க வேண்டும். திட்டமிட்ட மின்தடையை நாட்கள் முன்னதாகவே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுக் கான்சென்ட்ரேட்டர் இழுக்கும் மின்சாரத்துக்கான காசை நோயாளிக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 350 வாட் மெஷின் நாள் முழுதும் ஓடினால் 8.4 யூனிட், இரண்டு மாதத்தில் 504 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்த ஒரு மெஷின் மட்டுமே அதைப்போல ஐந்து மடங்கு விழுங்குகிறது. 500ஐத் தாண்டிய வீட்டைக் கூடுதல் கட்டணப் படிக்கும் தள்ளிவிடுகிறது. பில்லைப் பார்த்துப் பயந்து இரவில் மெஷினை நிறுத்தும் முதியவர்களின் மீது யார் குற்றம் சொல்ல முடியும்? தூக்கத்தில்தான் ரத்த ஆக்சிஜன் இன்னும் இறங்கும்.

நெருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் தானாக எரியாது. எரிவதை வெறியோடு எரியவைக்கும். மூக்குக் குழாயிலிருந்து கசிவது தலையணையிலும் போர்வையிலும் சட்டைத் துணியிலும் ஊறி நிற்கும். அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 2000 முதல் 2007 வரை, வீட்டு ஆக்சிஜனில் இருந்துகொண்டே புகைபிடித்ததால் மூண்ட தீயில் 38 பேர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. நம் வீட்டில் பீடி மட்டும்தானா? சாமி அறையில் கற்பூரம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள், ஒற்றை அறை வீட்டில் நாலடி தள்ளி கேஸ் அடுப்பு. குழாய் உரசிப் புண்ணாகும் மூக்கிலும் காதோரத்திலும் தேங்காய் எண்ணெயையோ தைலத்தையோ தடவிவிடுவது நம் வழக்கம். ஆக்சிஜனில் இருப்பவருக்கு எண்ணெய்ப் பசை ஆகாது, நீர்த்தன்மையுள்ள களிம்புதான் பூச வேண்டும். தீப்பிடித்தால் வாயுவைத் தானே அடைத்து நிறுத்தும் சிறு தடுப்பான் ஒன்றைக் குழாயில் பொருத்துவதை இங்கிலாந்தின் வீட்டு ஆக்சிஜன் சேவை கட்டாயமாக்கியிருக்கிறது. சிறிய துண்டு. இங்கே அதைப் பற்றிக் கேட்டறிந்தவர்களே அரிது.

பாட்டில் தண்ணீரும் ஃபில்டரும் சின்ன விஷயங்கள்தான். ஆனால் வாரக்கணக்கில் மாற்றாத தண்ணீரில் கிருமி வளரும். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படியும். காய்ச்சி ஆறிய நீரையோ டிஸ்டில்ட் வாட்டரையோ தினம் மாற்ற வேண்டும். வெளி ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்தபின் பொருத்த வேண்டும். மெஷினைச் சுவரோடு ஒட்டியோ திரைக்குப் பின்னாலோ வைத்தால் காற்று கிடைக்காமல் சூடேறும். இவ்வளவையும் விற்கும்போதே பத்து நிமிடத்தில் தமிழில் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளில் அச்சிட்டும் தந்துவிடலாம்.

யாருக்காக இதையெல்லாம் எழுதுகிறோம்? 2016இல் இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் சுமார் 5.5 கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள்; 1990இல் அது 2.8 கோடி. புகைப்பவர்களின் நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, அவர்களில் சுமார் 2.4 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதைக் கண்டது. அடுப்படிப் புகையில் அதிக நேரம் நின்றவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஒரு நாள்கூட பீடியைத் தொடாத பாட்டி, விறகு ஊதி ஊதி நுரையீரலை இழந்திருக்கிறார். அவருக்குத்தான் இன்று மாதம் பல ஆயிரம் ரூபாய் வாடகை. மத்திய அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அவர்களின் சுகாதாரத் திட்டம் கான்சென்ட்ரேட்டர் செலவைத் திருப்பித் தர வழிசெய்கிறது. ஏழைகளுக்கான ஆயுஷ்மான் பாரத் காப்பீடு மருத்துவமனையில் படுத்திருக்கும் வரையிலும், வீடு திரும்பிய பின் 15 நாட்கள் வரையிலும்தான் துணை நிற்கிறது. மூச்சு அதற்குப் பிறகும் தேவைப்படுகிறது.

வீட்டில் வைத்துச் சிகிச்சை செய்வதே தவறு என்று யாரும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. வீட்டுச் சிகிச்சை சாத்தியம் என்று உலகத்துக்கே காட்டிக்கொடுத்த ஊர் சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள், மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். குச்சு வீட்டில், அரை வயிற்றோடு கிடப்பவர்களுக்கு எப்படிக் குணமாகும் என்று கேட்டவர்கள் அன்று நிறைய. 1959இல் முடிவு வந்தபோது இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தேறியிருந்தார்கள். கூட வாழ்ந்த குடும்பத்தினருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வும் ஒரு காரணம். ஆனால் அந்த மையம் மாத்திரையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், சொல்லாமலும் போனார்கள். மாத்திரைகளை எண்ணினார்கள். மருந்தை உண்மையிலேயே விழுங்கினார்களா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். சென்னை உலகுக்குத் தந்த பாடத்தில் சரிபாதி அந்த வீட்டு வருகைதான். அந்தச் சரிபாதியை வீட்டு ஆக்சிஜன் விஷயத்தில் நாம் விட்டுவிட்டோம்.

அதைத் திரும்பப் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகளைக்கூட வாசலில் சேர்த்தது. டயாலிசிஸ் பையைச் சுமந்து போக முடிந்த அமைப்புக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஆக்சிஜன் அளவி ஒன்றைக் கொண்டுபோவது பெரிய பாரமா? சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவி அது. மூக்குக் குழாயைக் கழற்றி அதில் செருகினால் சில நொடிகளில் விழுக்காடு தெரிந்துவிடும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்றிரண்டு இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரிலுள்ள எல்லா மெஷினையும் அளந்துவிடலாம். 82க்குக் கீழே காட்டுகிற மெஷினை ஓடவிடக் கூடாது. அதைப் பழுது பார்க்கும் வரை அரசு மருத்துவமனையிலிருந்து மாற்று மெஷின் கொடுக்க வேண்டும். பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 1 லட்சம் கான்சென்ட்ரேட்டர்கள் வாங்க 2021 ஏப்ரலில் ஒப்புதல் தரப்பட்டது. தன்னார்வ அமைப்புகளும் வெளிநாட்டுத் தமிழர்களும் அனுப்பியவை தனி. அவற்றில் எவை எங்கே இருக்கின்றன, எவை ஓடும் நிலையில் உள்ளன என்ற கணக்கை அரசு வெளியிடட்டும். கிடங்கில் ஈரம் குடித்துக்கொண்டிருப்பவற்றை எடுத்துச் சோதித்து, நல்லவற்றைத் தேவையானவர்களுக்குக் கொடுக்கட்டும்.

விற்பனையிலும் கடிவாளம் வேண்டும். எத்தனை லிட்டரில் எத்தனை விழுக்காடு என்ற பட்டியலைப் பெட்டியின் முகப்பிலேயே, தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். எந்த லிட்டரில் தூய்மை 82க்குக் கீழே போகிறதோ அந்த லிட்டரை விளம்பரத்தில் சொல்லவே கூடாது. மருத்துவர் சீட்டில் எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், ரத்த ஆக்சிஜனை எந்த எண்ணுக்குள் நிறுத்த வேண்டும், மறுபரிசோதனை எப்போது என்று எழுதியிருந்தால் மட்டுமே விற்கவோ வாடகைக்கு விடவோ அனுமதிக்க வேண்டும். வாடகைக்கு விடுபவர் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றிக் கொடுக்குமுன் மெஷினை அளந்து அந்த எண்ணைச் சீட்டில் எழுதித் தரட்டும். இணைய விற்பனைத் தளங்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

மின்வாரியம் செய்ய வேண்டியதற்குப் பெரிய பணம் தேவையில்லை. அரசு மருத்துவர் சான்று கொடுத்த வீட்டுக்குக் கான்சென்ட்ரேட்டர் இழுக்கும் யூனிட்டுகளைக் கட்டணக் கணக்கிலிருந்து கழிக்கலாம். கட்டணம் நிலுவையில் இருந்தாலும் அந்த வீட்டின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். பராமரிப்பு மின்தடைக்கு இரண்டு நாள் முன்னதாக அந்தக் குடும்பத்தின் கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும். முதல் நாள் சுகாதார நிலையத்திலிருந்து நிரம்பிய சிலிண்டர் ஒன்று போக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். கஜாவும் மிக்ஜாமும் அதை ஒட்டிய மாதங்களில்தான் வந்தன. அதற்குள் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் தன் எல்லைக்குள் வீட்டு ஆக்சிஜனில் இருப்பவர்கள் யார் யார், எத்தனை லிட்டர், கையிருப்பு சிலிண்டர் உண்டா, எந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் வருகிறது என்று எழுதி, அந்தப் பட்டியலை மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் 108 ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கும் அனுப்ப வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் தங்கள் தெருக்கள் நன்றாகத் தெரியும். ஒரு மாதம் கொடுத்தால் இந்தப் பட்டியலை முடித்துவிடுவார்கள். மக்கள் நல்வாழ்வுத் துறை செப்டம்பருக்குள் அவர்களுக்கு ஆணை அனுப்ப வேண்டும் என்று கேட்கிறோம். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் அந்த ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளையே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போய், நோயாளியின் பெயர், மெஷின் வாங்கிய ஆண்டு, ஓடிய மணி நேரம் மூன்றையும் எழுதிக் கொடுத்து, ‘இதை அளந்து சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்.